அடியில் கிடந்த சீட்டு

தேங்காய் மண்டிகளில் சீட்டு குத்தி வைக்கும் கம்பி ஒன்று என் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. பட்டுக்கோட்டையில் ஒரு மண்டியின் மாடியறையில் வேலை பார்த்தபோது வாங்கியது. முதலாளி துபாயில் இருந்தார். நான் இங்கே அவருடைய உதவியாளர். துணைக்கு ஒரு தொலைபேசி, ஒரு ஃபேக்ஸ். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஜும்மா தொழுகை முடித்து அரை மணி நேரம் பேசுவார். விசாவுக்குக் காத்திருக்கும் ஆட்கள், கப்பலில் நிற்கும் சரக்கு, புதுவீட்டுக் கொத்தனார் என்று ஒரு வாரத்து வேலைக்கும் அதற்குள் முடிவு வாங்கியாக வேண்டும். எதைக் கேட்டாலும் "அர்ஜென்ட்மா" என்பார். எல்லாமே அவசரம் என்றால் எதை முதலில் எடுப்பது? வர வரச் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்துவேன். பேசும்போது மேலிருந்து உருவுவேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

அவருடைய அம்மாவை நானும் உம்மா என்றே கூப்பிடுவேன். வீட்டுக்குத் தொலைபேசி கேட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருந்த காலம் அது. மகனோடு பேசுவதற்காக வெள்ளிதோறும் வெள்ளைத் துப்பட்டியோடு மூச்சு வாங்கப் படியேறி வருவார். எனக்கென்று ஒரு தூக்கில், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த இனிப்பான வட்டலப்பம் இருக்கும். மறந்துவிடக் கூடாதே என்று அவர் சீட்டைத்தான் வாரத்தில் முதலாவதாகக் குத்துவேன். முதலில் குத்தியது அடியில்தானே கிடக்கும்! அதை எட்டுவதற்குள் லைன் போய்விடும். நடுவில் முதலாளி, "உம்மா சவுக்கியமா?" என்பார். எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொண்டே, "சவுக்கியம் சார்" என்று அடுத்த சீட்டை உருவுவேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"பரவால்லம்மா, அவன் கொரலு இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்று உம்மா எழுந்து போவார்.

இப்படி மூன்று வெள்ளி போயிற்று. மூன்றாவது வெள்ளியன்று வாசல்வரை போனவர் திரும்பினார். "திங்கக்கெழம தஞ்சாவூர்ல கண்ணு ஆபரேசன். பயமா இருக்கு. அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவலாம்னு பாத்தேன். நீ எழுதி வச்சிடும்மா."

இங்கிருந்து துபாய்க்குப் போன் போடக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. போட்டேன். "உம்மா பேசணும் சார்" என்று ரிசீவரை அவர் கையில் திணித்துவிட்டு வெளியே போய் நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் உம்மா கூப்பிட்டு ரிசீவரை நீட்டினார். முகம் தெளிந்திருந்தது.

"மூணு வாரமா அங்கதான் இருந்தாங்களா? ஏம்மா சொல்லல?" என்றார் முதலாளி.

"நீங்க எல்லாத்தையும் அர்ஜென்ட்னீங்க சார்."

"இனிமே முதல்ல அவங்கள்ட்ட குடுத்துடு. மிச்ச நேரத்துல மத்ததப் பாப்போம்."

அப்படியே செய்தோம். கொத்தனார் முணுமுணுத்தார், வேறெதுவும் குடிமுழுகிப் போகவில்லை.

இப்போது என் மகன் கனடாவில். ஞாயிறு காலை எட்டு மணிக்கு டாணென்று கூப்பிடுவான். போன வாரம் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு எங்கேம்மா ஞாபகம் இருக்கு? மணிலாவுல இருந்துகிட்டே ஒரு பொண்ணு ஆன்லைன்ல என் வேலையெல்லாம் பாத்துக்கறா. என் காலண்டர்ல ஞாயித்துக்கெழமைக்கு ‘அம்மா’ன்னு அவதான் முதல்ல போட்டு வச்சிருக்கா."

சுருக்கென்றுதான் இருந்தது. போனை வைத்துவிட்டுக் கம்பியைப் பார்த்தேன். பழுப்பேறிய ஒரே சீட்டு: ‘உம்மா.’ முகம் தெரியாத அந்தப் பெண் என்னை அடியில் போடவில்லை. அவளுக்கு யாராவது ஒரு தூக்கு வட்டலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தால் தேவலை.