மதியம் திறந்த பதிவேடு

காலையில் என் மூளை நன்றாக ஓடும். சோறு உள்ளே போனால் படுத்துவிடும். காரைக்காலில் எங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர்கள் மூன்று பேருக்கும் அதே கதிதான். அதனால் பழைய பிரெஞ்சுப் பிறப்புப் பதிவேடுகளைக் காலையில் மட்டும் திறப்போம். மதியம் முத்திரை குத்துவது, நூல் கோப்பது, அவ்வளவுதான். இது நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம், மேலிடத்து உத்தரவு எதுவும் கிடையாது.

ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு நெடுங்காடு ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவரின் பிரெஞ்சு பென்ஷன் தனக்கு வர, தன் பிறப்புச் சான்று உடனே வேண்டும் என்றார். பாவப்பட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். அந்தக் காலத்தில் பிள்ளை இறந்தால் அடுத்த பிள்ளைக்கும் அதே பெயரை வைப்பார்கள். அவர் பிறக்கும் முன்பே இறந்துபோன, அதே பெயர் கொண்ட அக்காளின் பதிவை, ஓரத்திலிருந்த இறப்புக் குறிப்போடு சேர்த்து நகலெடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

"ரெண்டு வயசுலயே செத்துட்டேன்னு எழுதியிருக்கீங்களே தம்பி. அப்ப அவரு யாரக் கட்டிக்கிட்டாரு?"

"நேத்து செத்துக் கிடந்தது நான்தாங்கம்மா. உக்காருங்க."

பத்தே நிமிடத்தில் சரியான பதிவு கிடைத்தது. இப்போது மேலதிகாரிகள் காலை முழுக்கக் கூட்டம் போட்டுக் கழுத்தறுக்கிறார்கள். பதிவேட்டை மதியம்தான் தொட முடிகிறது. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.