குக்கரில் வெந்த ஸ்பான்ஜ்

என் வீட்டுக்காரரைப் போன்ற ஒரு மனிதரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று யாராவது வகுப்பெடுத்தால் முதல் வரிசையில் போய் உட்காருவேன். காலை மடக்கி உட்கார முடிந்தால்தானே!

முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து, தையல் பிரிக்கும் முன்பே சீழ் வைத்து, மறுபடியும் திறந்து கழுவி, இப்போது கட்டிலும் ஜன்னலும்தான் என் உலகம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். அதையே பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால்தான் மீன்தொட்டி கேட்டேன். வெறும் மீன் போதாது, செடியும் வேண்டும், பச்சையாக ஏதாவது கண்ணில் பட வேண்டும் என்றேன்.

அவர் வேலை பார்ப்பதும் எனக்கு வைத்தியம் நடந்த அதே ஆஸ்பத்திரியில்தான். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, தட்டில் அடுக்கி, பெரிய நீராவி மிஷினில் வைத்து எடுக்கும் பகுதி. அங்கே எல்லோரும் அவரை ‘ஆவி அண்ணன்’ என்பார்கள். என் காலைத் திறந்த கத்தியும் அவர் கையால் அடுக்கியதுதான். சீழ் எப்படி வந்தது என்று விசாரித்தார்கள். கருவிகளில் குறையில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் அவர் கழுவாத பொருள் கிடையாது. கதவுக் கைப்பிடி, டிவி ரிமோட், என் மூக்குக்கண்ணாடி. வெங்காயத்துக்கு சோப்புப் போடும் மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

என் கட்டிலுக்கு எதிரே தொட்டி வந்தது. மனுஷன் கண்ணும் கருத்துமாகத்தான் வைத்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். அடியில் சத்து மண், அதன் மேல் மணல், பின்வரிசையில் நாடா போல நீளும் செடிகள், நடுவில் ஒரு மரக்கட்டை, அதில் நூலால் கட்டிய சிறு இலைச் செடி. மண் கலங்காமலிருக்க ஒரு சாசரை வைத்து அதன் மேல் மெல்லத் தண்ணீர் ஊற்றினார். மீன்கடைக்காரர் சொன்னபடி சில வாரம் மீனில்லாமல் ஃபில்டரை மட்டும் ஓடவிட்டோம். ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பான்ஜில் நல்ல கிருமிகள் குடியேற வேண்டுமாம். மீனின் கழிவை அவைதான் தின்று தீர்க்குமாம். "நல்ல கிருமியா?" என்று இவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு மீன்கள் வந்தன. சிவப்பு வாலோடு சின்னச் சின்னக் கப்பிகள். எனக்குக் கால்வலிகூட மறந்துபோனது. ஒரு வாரம் போயிருக்கும். எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன, பிறகு மிதந்தன. புது மீன் வாங்கி வந்தார். அவையும் மிதந்தன. என் வயிற்றெரிச்சல் சொல்லி மாளாது. கடைக்காரருக்குப் போன் போட்டுப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, என்னைத் திட்டாதீங்க. ஸ்பான்ஜ பைப் தண்ணியில கழுவுறீங்களா?"

"எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரர்தான் பார்த்துக்கிறார்."

"அது பழுப்பா, வழவழன்னுதான் இருக்கணும். அடைச்சுக்கிச்சுன்னா தொட்டித் தண்ணியிலயே லேசாப் பிழிஞ்சு போடுங்க. வேற ஒண்ணும் பண்ணிடாதீங்க."

அன்றைக்கே இவரிடம் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். மறுபடியும் மீன் வந்தது. "இதுவும் செத்தா தொட்டிய எடுத்து வெளிய வெச்சிடுங்க. என்னால இனிமே பிணம் பார்க்க முடியாது" என்று சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிய பிறகு, குக்கர் விசில் அடித்தது. இவர் எதை வேக வைக்கிறார்? வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். மூடியைத் திறந்து இடுக்கியால் தூக்கினார். ஆவி பறக்க, புத்தம் புதிதுபோல ஸ்பான்ஜ். மேடை மேல் இன்னொரு துண்டு, பழுப்பாக, தன் முறைக்குக் காத்துக்கிடந்தது.

"என்னங்க இது?"

"ஒரே அழுக்கா இருந்துச்சும்மா."

"அந்த அழுக்குலதாங்க மீனோட உயிரே இருக்கு! ஒவ்வொரு தடவையும் இதத்தான் பண்ணினீங்களா?"

இடுக்கியிலிருந்ததைத் தண்ணீர் சொட்ட உதறினார். எனக்கு வந்த கோபத்தில், இத்தனை மாதம் விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"ஒரு ஸ்பான்ஜையே இந்தப் பாடு படுத்துறீங்களே, அப்புறம் என் கால்ல மட்டும் எப்படிங்க சீழ் வந்துச்சு?"

இடுக்கி அந்தரத்தில் நின்றது.

"அதத்தான் நானும் தினம் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். "அன்னைக்கு மிஷின் சரியாத்தான் ஓடுச்சு. தட்டு மேல ஒட்டுற பட்டை ஆவி பட்டுக் கறுப்பா மாறினாத்தான் வெளிய அனுப்புவோம். மாறிச்சு. நான் பார்த்தேன். பார்த்தேன்னுதான் நினைக்கிறேன்."

உங்கள் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கென்ன தெரியும்? பாவமாகவும் இருந்தது, அந்தப் பாவமே எரிச்சலாகவும் இருந்தது. மேடை மேலிருந்த பழுப்புத் துண்டை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"இத அப்படியே கொண்டுபோய்ப் போடுங்க."

உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி தொட்டி வரை போனார். நானும் பின்னாலேயே போனேன். கையைத் தண்ணீருக்குள் விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"கழுவாமயா?"

"கழுவாம."

என் காலைப் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார்.