லா சப்பலில் இலவசத் தேநீர்

கல்லூரித் தோழி பிரான்சில் மாகாண சபைத் தேர்தலில் நிற்கிறாள் என்றால் சும்மா இருக்க முடியுமா? ஜூன் மாதம், வாக்களிப்புக்கு முந்தைய நாளான சனிக்கிழமை காலை லண்டனில் ரயில் ஏறினேன். இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸ் கார் து நோர் நிலையம். அங்கிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பத்து நிமிட நடைதான், டாக்சிக்காரர்கள் பேச்சில் மயங்காதீர்கள்.

துஷ்யந்தி யாழ்ப்பாணத்துக்காரி, சென்னையில் என்னோடு சட்டம் படித்தவள். பிரான்சுக்கு வந்தபோது அந்தப் பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே பிரெஞ்சில் மறுபடி படித்து வழக்கறிஞரானாள். அகதி வழக்குகளில் பேர் வாங்கியவளுக்கு இப்போது ஒரு கட்சி தன் பட்டியலில் இடம் கொடுத்திருந்தது. முதல் சுற்று இழுபறி, மறுநாள் ஞாயிறு இரண்டாம் சுற்று.

தேநீர் குடிக்கலாம் என்று அவளுக்குப் பழக்கமான யோகன் அண்ணையின் கடைக்குப் போனோம். வாசலில் பெருங்கூட்டம். கண்ணாடியில் துஷ்யந்தி படம், அதன் கீழே: "எங்கட பிள்ளை வெல்ல வேணும். இண்டைக்குத் தேத்தண்ணி, வடை இலவசம்." எங்கள் தமிழ்நாடு என்றால் பிரியாணியே போட்டிருப்பார்கள் என்று நான் சிரித்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. வெள்ளி நள்ளிரவோடு பிரச்சாரம் முடிந்துவிட வேண்டும். வேட்பாளர் பேரில் கடைக்காரர் எதையும் கொடுக்கவும் கூடாது. யாராவது வழக்குப் போட்டால் வென்ற இடமும் போய்விடும்.

"அண்ணை, உடனை கழட்டுங்கோ. இதாலை எல்லாம் போயிடும்."

"பச்சைத் தண்ணி குடுத்தாலும் குற்றமோ பிள்ளை?"

"ஓம் அண்ணை, இண்டைக்குக் குற்றம்."

அவர் படத்தைக் கிழியாமல் உரித்தெடுத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீ வாதாடித்தான் எனக்கு இஞ்சை இருக்க கார்ட் கிடைச்சது. வோட்டுப் போட எனக்குப் பிரெஞ்சு நாசனாலிட்டி இல்லை. தேத்தண்ணியும் குடுக்கக் கூடாதெண்டால், நான் உனக்கு என்னத்தைத்தான் செய்யிறது?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஞாயிறு மாலை அந்தக் கடையிலேயே முடிவுக்காகக் காத்திருந்தோம். பதற்றத்தை மறக்க உங்களுக்கான பயணக் குறிப்புகளை எழுதினேன். மெட்ரோவில் வந்தால் இரண்டாம் தடம், நிலையத்தின் பெயரே லா சப்பல். வார இறுதியில் மதியத்துக்குள் போய்விடுங்கள், பிறகு கால் வைக்க இடமிருக்காது. தேநீர் ஒன்றரை யூரோ.

எட்டரை மணிக்கு மேல் அவள் கைபேசி அடித்தது. கேட்டவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெண்டிட்டன் அண்ணை."

அவர் உள்ளே ஓடி, தேநீர்க் கேத்திலோடு வந்தார். "இனிக் குடுக்கலாம்தானே?"

"பத்து நாள் பொறுங்கோ அண்ணை," என்றாள், முகத்தைத் துடைத்தபடி. "வழக்குப் போட, தோத்த ஆக்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு."