கையெழுத்தில்லாத சீட்டு

சட்டசபைச் செயலகத்தில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். பதவி என்னவோ இணைச் செயலாளர்தான். ஆனால் இணைச் செயலாளர் எங்கே என்று கேட்டால் கேன்டீன்காரர் தலையைச் சொறிவார். சீட்டக்கா என்றால் அறைக் கதவு வரை கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

சபாநாயகரின் நாற்காலிக்குக் கீழே இருக்கும் மேசையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். உறுப்பினர் ஒருவர் எழுந்து விதி பேசுவார், எதிர்வரிசை கூச்சல் போடும், சபாநாயகர் திருதிருவென்று முழிப்பார். உடனே உள்ளங்கையளவு காகிதம் ஒன்று கீழிருந்து மேலே போகும். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, விதிப் புத்தகத்தையே கரைத்துக் குடித்தவர் மாதிரி தீர்ப்புச் சொல்வார்.

சீட்டுக்கென்று எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. என்னென்ன செய்யலாம் என்பது மட்டும் அதில் இருக்க வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று. எது சரி என்று எழுதுகிறவர் சொல்லக்கூடாது. கையெழுத்துப் போடக்கூடாது. அன்றைய சபை முடிந்ததும் எல்லாச் சீட்டையும் கிழித்துப் போட்டுவிட வேண்டும். ஐந்து சபாநாயகர்கள் வந்து போய்விட்டார்கள். அவள் சொன்னாள் என்று ஒரு வரி எந்தப் பதிவிலும் கிடையாது. அதில் அவளுக்குப் பெருமை வேறு! இந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அவளுடைய அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. குடலில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷன் செய்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கூடக் கிடைக்கலாம், மேசையிலேயே போனாலும் போய்விடலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அம்மாவிடம் கேட்டால், “பிள்ளைங்க சொல்றபடி செய்யுங்க” என்றாள். ஆனால் அதற்கு முந்தைய நாள், மகள் தலைவாரி விட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னது வேறு.

“என்னை வெட்ட விடாதடி. என் கட்டில்லயே படுத்துக்கறேன். உங்க அண்ணன்கிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.”

மகளுக்கும் வாய் வரவில்லை. வெளியூரிலிருந்து பதறியடித்துக்கொண்டு வந்த அண்ணன், “என்ன பண்ணலாம், நீ சொல்லு” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றான். அவள் கைப்பையிலிருந்து காகிதம் எடுத்தாள். ஒன்று, ஆபரேஷன். இரண்டு, மருந்து மட்டும். மூன்று, வீடு. எழுதி நீட்டினாள். அண்ணன் இரண்டு தடவை படித்தான். ஆபரேஷன் என்றான். வியாழக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் மூத்த அதிகாரிகளுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி தொடங்கியது. வராதவர்கள் விளக்கம் எழுதித்தர வேண்டுமாம். பகலில் அண்ணன் அம்மாவோடு இருக்க, அவள் போய் உட்கார்ந்தாள். பயிற்சியாளர் கலர் கலராக ஒட்டுத்தாள் கொடுத்து, “உங்களுக்குள்ள இருக்கிற தலைவரை எழுதுங்க” என்றார். ரிட்டயர் ஆக நான்கு வருடம் இருக்கும்போது உள்ளேயிருந்து எந்தத் தலைவர் எழுந்து வரப்போகிறார் என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். அவள் தாள் வெறுமையாகவே இருந்தது.

புதன்கிழமை மாதிரி சபை நடத்தினார்கள். குலுக்கலில் சபாநாயகர் நாற்காலி அவளுக்கு விழுந்தது. கீழ் மேசை நூலகப் பிரிவு அதிகாரிக்கு. உறுப்பினர்களாக நடித்தவர்கள், இத்தனை வருடம் வாய்மூடி இருந்ததற்கெல்லாம் சேர்த்துக் கத்தினார்கள். சபையை ஒத்திவைப்பதா, விவாதத்தைத் தொடர்வதா, மசோதாவைக் குழுவுக்கு அனுப்புவதா? அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் ஓடவில்லை. கீழே பார்த்தாள். சீட்டு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிழையே இல்லாத சீட்டு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நூலக அதிகாரியோ குனிந்த தலை நிமிரவில்லை.

“சபை ஒத்திவைக்கப்படுகிறது” என்றாள்.

“ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீங்க?” என்று கேட்டார் பயிற்சியாளர்.

“அதுதான் முதல்ல இருந்துச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நூலக அதிகாரியிடம் குனிந்து, “நீங்க எது சரின்னு நெனச்சீங்க சார்?” என்றாள்.

“மூணாவதுதான் மேடம். ஆனா நாம அதை எழுதக்கூடாதே.”

அண்ணனுக்குக் கொடுத்த சீட்டில் முதலில் எதை எழுதினோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். “மேடம், கருத்துப் படிவம்...” என்று பயிற்சியாளர் பின்னாலேயே வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் வராந்தா பெஞ்சில் இருந்தான். அவள் மூச்சு வாங்கக் கேட்டாள். “ஆபரேஷன்னு ஏன்ணா சொன்னே?”

அவன் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தான். “நீதானே அதை முதல்ல போட்டிருந்தே? சட்டசபைக்கே எழுதிக் குடுக்கறவ. உன் மனசுல அதுதான் இருக்குன்னு நெனச்சேன்.”

“அம்மா வேணாம்னு சொன்னாண்ணா. வீட்டுக்கே போயிடணும்னு சொன்னா. அதை நான் எழுதல.” “இப்ப சொல்றேன். கூட்டிட்டுப் போயிடலாம். இதை நான் சொல்றேன்.”

“நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?”

“என்னைச் சொல்லு.”

மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். அவளே கையெழுத்துப் போட்டாள்.

அம்மா வீட்டில் பதினொரு நாள் இருந்தாள். முதல் வாரம் கட்டிலில் சாய்ந்துகொண்டு, திரைச்சீலையைத் துவைத்து எவ்வளவு நாளாச்சு என்று மகளைத் திட்டினாள். கடைசி மூன்று நாள் மருந்துக்கும் அடங்காத வலி. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அவள் சமையலறையில் நின்று அழுதாள். பதினோராம் நாள் மத்தியானம் அம்மா போய்விட்டாள்.

வீடு நிறைய உறவுக்காரர்கள். சித்திக்குத் தன் அக்கா என்றால் உயிர். அழுது ஓய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்: “ஆபரேஷன் பண்ணியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா. யாரு வேணாம்னது?”

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அது வந்து சித்தி, நாங்க ரெண்டு பேரும்...” என்று ஆரம்பித்தான்.

“நான்தான் சித்தி” என்றாள் அவள். “நான்தான் வேணாம்னேன்.”

சித்தி அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிளம்பும்போது அண்ணனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

எல்லோரும் போன பிறகு, அண்ணன் சட்டைப்பையைத் துழாவி அந்தச் சீட்டை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் போனான்.

“இருக்கட்டும்ணா” என்று அவள் வாங்கிக்கொண்டாள்.