ஏழாம் எண் கிணறு

இரும்பு மூடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "எழுந்திருங்கப்பா" என்கிறார் சந்திரகலா. உள்ளே தூங்கும் பல்லிக்கும் தேளுக்கும்தான் அந்த அழைப்பு. பிறகுதான் பூட்டைத் திறக்கிறார். எஃகு நாடாவின் நுனியில் பள்ளிக்கூடச் சாக்பீஸைத் தேய்த்து, ஆழ்துளைக் கிணற்றுக் குழாய்க்குள் இறக்குகிறார். மேலே இழுத்ததும் வெள்ளைப் பூச்சு எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே தண்ணீர். எண்ணை உரக்கச் சொல்வார், எழுதமாட்டார். இன்னொரு முறை இறக்கி, அதே எண் வந்தால்தான் நோட்டில் ஏறும். "மொத தடவ கெணறு வெளையாடும். ரெண்டாந் தடவதான் உண்ம பேசும்."

கீழ்பென்னாத்தூரைச் சுற்றி இப்படி ஏழு கண்காணிப்புக் கிணறுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வருடமாக நிலத்தடி நீர்த் துறையில் ஒப்பந்த ஊழியர். புடவைக்கு மேல் கணவர் சகாதேவனின் பழைய சட்டை, அதன் பையில் மூன்று பேனா, மூன்றும் எழுதும். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் நிறையும் திருவண்ணாமலை பக்கம் ஸ்கூட்டியைத் திருப்பவே மாட்டார். "அன்னிக்கு நம்ம ரோடு நம்முது கெடையாது."

வீட்டுச் சமையலறைக் காலண்டரில் திதி, நட்சத்திரத்தின் மேலேயே பேனா எழுத்து ஓடியிருக்கும்: பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் வந்த நேரம், போன நேரம். இரண்டு ஏக்கர் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்சும் வீட்டில் அது தெரிந்தாக வேண்டும். ஆனால் ஒரு நாள் விடாமல் எழுதுவது அவருடைய கிறுக்கு. "கரண்டு ஆபீஸ்காரனே இவகிட்டதான் கேட்டுக்கணும்" என்பார் சகாதேவன்.

போன ஆடியில் அந்தக் கிறுக்குக்கு வேலை வந்தது.

ஏழாம் எண் கிணறு சுப்பன் என்ற விவசாயியின் கொல்லையோரம் இருக்கிறது. அதில் மட்டும் சென்னை ஆய்வுக்கூடம் ஒன்று, வினாடிக்கு வினாடி நீர்மட்டத்தைப் பதியும் கருவியைப் பொருத்தியிருந்தது. எப்போதும் அமைதியாகப் படுத்திருக்கும் கோடு, ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்குப் பேய் பிடித்ததுபோல ஆடியிருந்தது. அலுவலகப் பொறியாளர் கோதண்டராமன் பார்த்தார். சுப்பன் மோட்டார் போட்டிருப்பார். இல்லாவிட்டால் மூடி பூட்டாமல் கிடந்து யாரோ கருவியை ஆட்டியிருப்பார்கள் என்று முடிவு கட்டினார். பதிவை அழிப்பதற்காக, 'பணியாளர் கவனக்குறைவு' என்று ஒரு தாள் தயாரானது. கீழே சந்திரகலா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடுத்த வருடம் வேலை இருக்காது.

காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

"சார், அன்னிக்கு எங்க லைன்ல த்ரீ பேஸ் வந்ததே ஒம்போது மணிக்கு. தோ பாருங்க. அஞ்சரைக்கு சுப்பண்ணா எதுல மோட்டார் போடுவாரு, தீப்பெட்டியிலயா?"

"அப்ப என்னா, பௌர்ணமிக் கூட்டம் நடந்து கெணறு ஆடுச்சா?"

"அன்னிக்குப் பஞ்சமி சார். அதுவும் காலண்டர்ல இருக்குது."

பக்கத்து மேசைகளில் தலைகள் குனிந்துகொண்டன; தோள்கள் குலுங்கின.

சந்திரகலா கோட்டின்மேல் விரலை வைத்தார். "மோட்டார் போட்டா தண்ணி எறங்கும். இது இருக்கிற மட்டத்துக்கு மேலயும் ஏறுது பாருங்க. எந்த மோட்டார் சார் தண்ணிய உள்ள தள்ளும்? ஆள் ஆட்டியிருந்தா கோணல்மாணலா இருக்கும். இது மூச்சு வுடற மாதிரி சீரா, இருவது நிமிசம். எவன் கை சார் அவ்ளோ நேரம் நோவாது?"

"வேற என்னாதாம்மா அது?"

"தெரியாது சார். தெரியாததுக்கு எப்பிடி கையெழுத்துப் போடுவேன்?"

கையெழுத்துக்கான இடத்தில் அவ்வளவையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அழிக்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல், பதிவையும் தாளையும் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பினார் கோதண்டராமன்.

பத்தாம் நாள் அலுவலக ஜீப் சுப்பன் கொல்லைக்கே வந்தது. கோதண்டராமனோடு இறங்கியவர் மதிவதனி, கருவி தந்த ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானி. முப்பது வயதிருக்கும். ஜீப்பின் முன்மூடியில் இரண்டு தாள்களை விரித்தார். ஒன்றில் கிணற்றின் கோடு, மற்றதில் நிலநடுக்கமானி வரைந்த கோடு. இரண்டிலும் ஒரே மேடு, ஒரே பள்ளம்.

"அக்கா, அன்னிக்குக் காலையில பசிபிக் ஓரமா ஒரு பெரிய நிலநடுக்கம். இங்கேருந்து ஏழாயிரம் கிலோமீட்டர். அந்த அதிர்வு பாறையைப் பிழிஞ்சு பிழிஞ்சு விட்டிருக்கு. உங்க கிணத்துத் தண்ணி அதோட சேர்ந்து ஏறி எறங்கியிருக்கு."

அந்த நடுக்கம் கிளப்பிய ஆழிப்பேரலை அன்று பெருங்கடலைக் கடக்க மணிக்கணக்கில் ஆனது. பாறை வழியே கிளம்பிய சேதியோ அரைமணி நேரத்தில் சுப்பன் வரப்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. எவ்வளவு பெரிய நடுக்கம், எத்தனை பெரிய அலை எழும் என்று கணிப்பவர்களுக்கு இனி இந்தக் கிணறும் ஒரு சாட்சி.

"இதை அழிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா. மத்த ஆறு கிணத்துலயும் கருவி வைக்கப் போறோம். பார்க்கிறது நீங்கதான். எழுதியே கொண்டுவந்துட்டேன்."

சந்திரகலா அந்தக் கடிதத்தை ஒருமுறை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அதன் பிறகுதான் சிரித்தார்.

மல்லாட்டைச் செடிகளைத் தாண்டிச் சுப்பனின் குரல் வந்தது. "என் மோட்டார் மேல பழி போட்டீங்களே சார்! இப்ப போடுங்க, பசிபிக்கு மேல!"

கோதண்டராமன் சிவந்துபோய்ச் சிரித்தார். ஜீப்பின் முன்கதவைத் திறந்து பிடித்தார். "வாம்மா... வாங்க, முன்னாடி ஒக்காருங்க. மத்த கெணறுங்களக் காட்டணும் இல்ல."

"ரோட்டு மேல என் கெணறு எதுவும் இல்ல சார். பின்னால வாங்க."

ஸ்கூட்டி ஏரிக்கரை மண்பாதையில் முன்னே போனது. ஜீப் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு பின்னால் வந்தது. கரை பிரியும் இடத்தில் சந்திரகலா திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை நேராக நீட்டினார், ஜீப் முழுதாகத் திரும்பி முடிக்கும் வரை.