கழற்றி வைத்த பட்டை

தன் பழைய பிக்கப் வண்டியில் பிறத்தியார் கைவைத்தால் குழாய்க்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எஞ்சினோ ஸ்பிரிங்கோ, எல்லாவற்றையும் தானே பிரித்து மாட்டுவார். மனைவிக்கு இடுப்பெலும்பில் நோய் வந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டி குலுங்காமலிருக்க, பின்பக்க ஸ்பிரிங் இரண்டிலும் அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளில் தலா ஒன்றைக் கழற்றி வைத்தார். போன மாதம் அவள் இறந்துபோனாள்.

இன்று இரும்புக் குழாய்களை ஏற்றியதும் வண்டி பின்னால் உட்கார்ந்துவிட்டது.

"மாமா, அந்தப் பட்டையைத் திரும்ப மாட்டிடுங்க," என்றான் மைத்துனன்.

"மாட்டினா தூக்கித் தூக்கிப் போடும்டா. உங்கக்கா எப்படித் தாங்குவா?" என்று எரிந்து விழுந்தார்.



பிறகு அவரே குழாய்களை ஒவ்வொன்றாக இறக்கினார். பட்டைகளையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தார். ஸ்பேனர் சத்தம் ஓய்ந்து வெகுநேரமாகியும் அவர் கால்கள் மட்டுமே வெளியே தெரிந்தன.