முழுப்பரீட்சை லீவும் அம்மாவின் நகமும்

காய்ந்த தோலின்மேல் நகம் இழுபடும்போது, சுண்ணாம்படித்த சுவரில் குச்சியால் கோடு போட்டதுபோல மெல்லிய சத்தம் ஒன்று கேட்கும், வலிக்காது, கூசும். கோடை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கூச்சம்தான். அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப்போடும் வேலை பார்த்த அம்மா, சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "கைய நீட்டுங்க ரெண்டு பேரும்" என்பாள். எனக்கு ஒன்பது வயது, தங்கை செல்விக்கு ஐந்து. முழங்கைக்குக் கீழே அம்மா நகத்தால் ஒரு கீறு கீறுவாள். வெள்ளையாகக் கோடு விழுந்தால் பிள்ளை 'குழி'யில் குளித்திருக்கிறது என்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருந்த சட்டம்.

குழி என்றால் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளம். மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். குளம்போலச் சரிந்து இறங்காது, விளிம்பில் கால் வைத்தால் அடுத்தது ஆழம்தான். "அது எறங்குனா ஏறவுடாத தண்ணி" என்று தெருவில் சொல்வார்கள்.

அந்தத் தெருவில் யாருக்கும் காணி நிலம் கிடையாது. முந்தின தலைமுறை வரை அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள், என் காலத்தில் லாரிக்கும் கடைக்கும் கட்டட வேலைக்கும் போக ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் உட்கார்ந்தவன் நான். அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் என்பது படிப்பு சொல்லிக்கொடுக்கும் இடம் மட்டுமில்லை, பகல் முழுக்க நாங்கள் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும் என்கிற நிம்மதியும்தான். அதனால் பங்குனி வெயில் ஏறி, பரீட்சை பற்றி நாங்கள் பேச ஆரம்பித்தாலே அவள் பார்வை மாறிவிடும். அப்பா லாரியோடு போனால் எப்போது வருவார் என்று தெரியாது. கடையிலோ முகூர்த்த சீசன், ஒருநாள் நின்றாலும் ஆளை மாற்றிவிடுவார்கள். "லீவு வுடுறாங்களாம் லீவு, பெத்தவளுக்கு யாரு வுடுறா?" என்று அடுப்படியில் பாத்திரங்களிடம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் லீவு விட்டதும், பையன்கள் குழியில் குளித்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் கோடு விழாது என்று கண்டுபிடித்துவிட்டதாக எதிர்வீட்டு ராணி அக்கா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் எண்ணெய் பாட்டிலில் மட்டம் பார்த்துப் பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் அம்மா வேலைக்குப் போனாள். எனக்கு அது தெரியாது. செல்வியின் தலை சிக்காகிக் கிடக்கிறதே என்று எண்ணெய் வைத்து, தெரிந்தவரைக்கும் ஜடை போட்டு, கையில் மிஞ்சிய எண்ணெயை என் கைகளிலேயே துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் அம்மாவின் நகம் என் கையில் வழுக்கிக்கொண்டு போனது. கோடு விழவில்லை. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு பாட்டிலைப் போய்ப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு ஜட போட்டேம்மா."

"ஆம்பளப் புள்ள ஜட போட்டியா? இத யாருகிட்ட சொல்ற?"

செல்வி தன் கோணல் ஜடையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அம்மா நம்பவில்லை. கோடு விழுந்தால் குளித்தவன், விழாவிட்டால் மறைத்தவன். இதிலிருந்து எப்படித் தப்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை எப்போதும்போலக் கடைப் புடவையைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு கிளம்பினாள். திரும்பி வந்தபோது முகம் கன்றிச் சிவந்து, உதடு வெடித்திருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னாள்: "குழி மேல கருவ மரத்தடியில உக்காந்துருந்தேன். ஊருல உள்ள பயலுவ எல்லாம் வந்தான், தொரத்திவுட்டேன். நீங்க வரல."

"நாங்கதான் போறதில்லன்னு சொன்னமே" என்றேன்.

அப்படியும் பழக்கதோஷத்தில் என் கையைப் பிடித்துக் கீறினாள். அன்றைக்கு எண்ணெய் இல்லை. வெள்ளையாக, நேராக ஒரு கோடு விழுந்தது. "ஒன் கையில கீறிப் பாரும்மா" என்றாள் செல்வி, விளையாட்டுப்போல. அம்மா கீறினாள். அவள் கையிலும் விழுந்தது. தண்ணீரில் கால்கூட வைக்காதவள் கையில் என் கோட்டைவிடத் தெளிவாக விழுந்தது.

அடுத்த நாள் எங்களையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். முகூர்த்த நேரத்தில் சொல்லாமல் நின்றவளை வேலைக்குச் சேர்ப்பார்களா என்று பஸ்ஸில் வழிநெடுக அவள் முகத்தில் எழுதியிருந்தது. அந்தச் சம்பளம் நின்றால் எங்கள் வீட்டில் எது எது நிற்கும் என்பது எனக்கே தெரியும். சூப்பர்வைசர் கல்லாப் பக்கம் நின்றுகொண்டு, "என்னம்மா மலரு, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில சேந்துட்டன்னு நெனச்சேன். எவ்ளோ தரேன்னாங்க?" என்றார்.

"அண்ணே, என் மூஞ்சியப் பாருங்க. கடையில ஃபேன் காத்துல நின்னவ மூஞ்சியா இது?"

அவர் பார்த்தார். "அப்ப எங்க போயிருந்த?"

"என் புள்ளைங்கள வேவு பாக்கப் போனேண்ணே."

புடவை மடித்துக்கொண்டிருந்த அக்காக்கள் சிரித்துவிட்டார்கள். "சிக்குனாங்களா?" என்றார் அவர்.

"அவங்க வூட்டுலயே கெடந்துருக்காங்க. நாந்தான் காஞ்சேன்."

"நாளைக்கு?"

"வந்துருவேன். புள்ளைங்க வூட்டுல இருக்கும்."

"நம்பி வுட்டுருவியா?"

"நம்பாமத்தாண்ணே வுடுவேன். ஆனா வந்துருவேன்."

அவர் மாடியைக் காட்டினார். அம்மா ஏறிப்போனாள். அன்று பகல் முழுக்க நானும் செல்வியும் படிக்கட்டுக்குக் கீழே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். அன்றோடு அம்மா எங்களை நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். நகத்தை விட்டாள், தலையை மோந்து பார்க்க ஆரம்பித்தாள்.

இப்போது நான் பெரம்பலூரில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் வேலை. மகள் யூ.கே.ஜி. முடிக்கப்போகிறாள், பள்ளி மூட இன்னும் சில நாள்தான். குழியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள், போகும் தடமும் முள் மூடிவிட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து வேவு பார்க்கும் ராணி அக்காக்கள் எங்கள் குடியிருப்பில் இல்லை. குழந்தைக் காப்பகத்து அம்மா ஏன் இவ்வளவு சிரிக்கிறார், மாடி வீட்டுக்காரர் ஏன் கேட்காமலே "நாங்க பாத்துக்கறோம்" என்கிறார், கோடை வகுப்பு வேன் டிரைவர் யார் என்று ஒரு மாதமாக எல்லாரையும் துருவித் துருவி விசாரித்துவிட்டு, கடைசியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரச்சொல்லி அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறாள், பட்டுப் பிரிவில்.

"வைகாசி முகூர்த்தத்துல என்னைய நிக்கச் சொல்றியா? ஒன்னைய வளக்கவே நான் வேலைய வுடல தம்பி" என்றாள். பிறகு, "ஒங்கப்பாவுக்கு லாரி, வுட்டு எறங்க முடியாது. ஒனக்கு ஆபீசுல நாக்காலிதான? எந்திரிச்சு வூட்டுக்குப் போயேன்."

பெரம்பலூரில் இத்தனை பேரையும் சந்தேகத்தோடு எடைபோட்ட நான், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஆட்களில் என்னை ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்த்ததில்லை. மே மாதத்துக்கு விடுப்பு கேட்டிருக்கிறேன், கிடைத்தும்விட்டது. என் மனைவிதான் இன்னும் நம்பவில்லை. "மொத நாள் முடியட்டும், பாக்கலாம்" என்கிறாள்.